சீதனமாக வந்த லோஞ்சு

என் சீதனம் ஒரு லோஞ்சு. வீடு இல்லை, வளவு இல்லை, வயல் இல்லை. திருகோணமலையில், மூதூருக்கு ஆள் ஏற்றும் இறங்குதுறையோரம் கட்டிக் கிடந்த, வெள்ளைக்காரன் பாவித்துக் கழித்த ஒரு பழைய லோஞ்சு, எஞ்சின் படகு. அது என் பெயரில் உறுதிப் பத்திரம் முடித்துத் தரப்பட்டது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் ஆயுளில் பாதி, இந்த ஒரு விஷயத்தை ஆட்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்வதிலேயே போய்விட்டது.

அப்பா கடற்படையின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் எஞ்சின் பிற்றர் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் கடற்படை மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டபோது அவரைப் போல எத்தனையோ பேருக்கு வேலை இல்லாமல் போனது. மற்றவர்கள் கைக்கு வந்ததைக் கொண்டு கடை போட்டார்கள், கிளிவெட்டிப் பக்கம் வயல் பார்த்தார்கள். அப்பா ஏலத்துக்குப் போய் லோஞ்சோடு வந்தார். அதன் எஞ்சினைப் பல வருடம் கழற்றிப் பூட்டியவர் அவர்தான். வேறொருவன் அதில் கை வைப்பதை அவரால் தாங்க முடியாது. அம்மா பல நாள் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். நாங்களோ பாலையூற்றில், ஆரோ ஒருவரின் காணியில், கிடுகு வேய்ந்த வாடகை வீட்டில் இருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

"வீடு எப்பிடி?"

"வீடு இல்லை. லோஞ்சு இருக்கு. பிள்ளையின்ர பேரில எழுதித் தாறன்," என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அண்ணர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "என்ன எஞ்சின்?" என்று மட்டும் கேட்டார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற நான், இந்த ஆள் போதும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். நொத்தாரிசுதான் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, லோஞ்சுக்குச் சீதன உறுதி எப்படி எழுதுவது என்று தடுமாறினார். கடைசியில் எழுதித்தான் கொடுத்தார்.

அண்ணரையும் சொல்ல வேண்டும். என் கணவருக்கு மூத்தவர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஆள் வாட்டசாட்டம், வாயும் அதற்கேற்ற நீளம். என் கணவர் எஞ்சினோடு மட்டும் கதைப்பவர் என்றபடியால் வெளி அலுவல் எல்லாம் அத்தான் கையில் போனது. அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனார், துறைமுகத்தில் அனுமதி எடுத்தார், ஆட்களைப் பிடித்தார். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஊர் முழுக்க அதற்குப் பெயர் அண்ணன் தம்பி லோஞ்சு. கடையில், சந்தையில், ஆஸ்பத்திரியில், ஆர் அப்படிச் சொன்னாலும் நான் நின்று திருத்துவேன். "அண்ணன் தம்பி வேலை செய்யினம். லோஞ்சு என்ரை." ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

லோஞ்சை ஓட்டியவர் மூதூர் முஸ்லிம் பெரியவர் ஒருவர், எங்களுக்குக் காக்கா. தண்டயல் என்று சொல்லுவோம், சுக்கான் அவர் பொறுப்பு. விடிய மூதூரிலிருந்து வெளிக்கிட்டால் கிளிவெட்டிக் கமக்காரர், வழக்குக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள், கோழிக் கூடு, தயிர்ச் சட்டி எல்லாம் கொட்டியாரக் குடாவைக் கடந்து பட்டினத்துக்கு வந்து சேரும். தரை வழியால் வருவதென்றால் ஆற்றுக்கு ஆறு இறங்கி ஏற வேண்டும். அதனால் அந்தப் பக்கத்துச் சனத்துக்குக் கடல்தான் றோட்டு.

இறங்குதுறை இல்லாத கரையோரக் குடியிருப்புகளும் இருந்தன. அங்கிருப்பவர்கள் சின்ன வள்ளத்தில் கடலுக்குள் தள்ளிக்கொண்டு வந்து, துடுப்பின் நுனியில் ஒரு துணியைக் கட்டி உயர்த்திப் பிடிப்பார்கள். சீலை காட்டுவது என்று அதற்குப் பெயர். கண்ட லோஞ்சு திரும்பிப் போய் ஏற்ற வேண்டும். இப்படி எவரும் சட்டம் போடவில்லை. ஆனால் சீலையைக் கண்டும் போன தண்டயலுக்கு மூதூரில் ஒருவரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று காக்கா சொல்லுவார். எங்கள் லோஞ்சில் சனம் விரும்பி ஏறியதற்கு இந்தத் திரும்பிப் போகிற குணமும் ஒரு காரணம். நேரம் பிந்தும், ஏசுவார்கள், அடுத்த நாளும் எங்களிடம்தான் வருவார்கள்.

உல்லாசச் சவாரி என் யோசனை. இதையும் அழுத்திச் சொல்கிறேன், என்னுடைய யோசனை. ஞாயிறுக்குப் பதிலாக, நிலாக் கணக்கில் வரும் பௌத்தரின் போயா நாட்களில் கந்தோரும் பள்ளிக்கூடமும் பூட்டிய காலம் அது. அன்றைக்கு மூதூர்ப் பக்கம் சனம் குறைவு, லோஞ்சு சும்மா கிடக்கும். ஒரு போயா நாள் கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலை விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, "கீழ இருந்து பாத்தா எப்பிடி இருக்குமோ?" என்றா. எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் பிறந்து, இந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த எங்களில் எத்தனை பெண்கள் இந்த மலையைக் கடலில் நின்று பார்த்திருக்கிறோம்? துறைமுகத்தில் பாதி கடற்படைக்காரருடையது, மீதி மீன்பிடிக்கிற ஆம்பிளைகளுடையது. எங்களுக்குக் கரை மட்டும்.

"அடுத்த போயாவுக்குப் பொம்பிளையள ஏத்திக்கொண்டு மலையடிக்குப் போவம்," என்றேன் வீட்டில்.

"பொம்பிளையள ஊர் சுத்திக் காட்டவோ லோஞ்சு? கடலுக்குள்ள தலை சுத்திச் சத்தி எடுத்தா ஆர் கழுவுறது?" என்று துள்ளினார் அத்தான்.

"நான் கழுவுறன். லோஞ்சு என்ரைதானே."

காக்கா அன்று மகளின் கலியாண அலுவலாக மூதூரில் நின்றதால், அத்தானே சுக்கான் பிடிக்க வேண்டி வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிடித்தார். கோயிலடிப் பெண்கள், பட்டினத்து முஸ்லிம் பெண்கள், சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிள்களில் புருஷன்மாரின் பின்னால் வந்திறங்கிய மீன்காரப் பெண்கள் என்று லோஞ்சு நிறைந்துவிட்டது. மலையடிக்குப் போனதும் என் கணவர் எஞ்சினை நிற்பாட்டினார். சத்தமே இல்லை. அந்தப் பாறை நேராக எங்கள் தலைக்கு மேல் எழும்பி நின்றது, உச்சியில் கோயில் கைப்பிடியளவு தெரிந்தது. சிலர் சிரட்டையில் கற்பூரம் கொளுத்தினார்கள். சிலர் வட்டிலப்ப இனிப்பை வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு மனிசி ஏனென்று தெரியாமல் அழுதா. சத்தி எடுத்தவர்களும் உண்டு, நான்தான் கழுவினேன். திரும்பி வரும்போது பார்த்தால் அத்தான் சுக்கானில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்.

அதன் பிறகு ஒவ்வொரு போயாவுக்கும் சவாரி. சனம் கூடக் கூட ஒரு லோஞ்சு காணவில்லை. இரண்டாவது வந்தது, சில வருடத்தால் மூன்றாவதும் வந்தது. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு மூன்றும் சேர்ந்து மூதூருக்கு அடியார்களை ஏற்றும்போது இறங்குதுறையில் காலடி வைக்க இடமிருக்காது. என் லோஞ்சின் உழைப்பில் வந்தவைதான் மற்ற இரண்டும். ஆனால் கந்தோருக்குப் போனவர் அத்தான், பதிவும் அவர் பெயரிலேயே நடந்தது. கேட்டபோது, "குடும்பத்துக்குள்ள என்ன என்ரை உன்ரை?" என்றார். குடும்பத்துக்குள் அந்தக் கதை எப்போதும் ஆம்பிளையின் பெயருக்குச் சாதகமாகத்தான் முடியும் என்று அப்போது எனக்கு நன்றாக உறைத்தது.

எழுபதுகளில் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் ஒன்று வந்தது. வெள்ளைக்காரர் இந்த முறை கப்பலில் வராமல் பஸ்ஸில் வந்து, வெயிலில் படுத்தார்கள். ஹோட்டல் மனேஜர் கொழும்புத் தமிழர், நல்ல சப்பாத்து, நல்ல சிரிப்பு. எங்கள் போயாச் சவாரியைப் பற்றிக் கேள்விப்பட்டு அத்தானிடம் வந்தார். தங்களுடைய விருந்தாளிகளைப் பின்னேரத்தில் மலையடிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம். ஒரு நாள் பரீட்சைக்குப் போய்ப் பார்ப்போம் என்று ஏற்பாடு.

என் லோஞ்சைத்தான் எடுத்தார்கள், அதுதான் அகலமானது. நானும் ஏறினேன். பிரம்புக் கதிரைகள் போட்டு, தோடம்பழச் சாறு வைத்து, காக்காவுக்கும் வெள்ளைச் சேட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். குடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மலைப் பக்கம் திரும்ப வேண்டும். நடுக்குடாவில் வரும்போது தூரத்தில் ஒரு வள்ளம், துடுப்பில் ஒரு சிவப்புச் சீலை. காக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. சுக்கானைத் திருப்பிவிட்டார்.

ஏறியவர்கள் பட்டினத்தில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, பெரியபிள்ளையான சடங்குக்கு, போகும் குடும்பம். பலகாரத் தட்டுகள், பாளைப் பூ, கைக்குழந்தை, இரண்டு ஆடு, ஒரு சாக்குக் கருவாடு. சுற்றுலா வந்த ஒரு பெண்பிள்ளை குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொருவர் கருவாட்டு மணம் தாங்காமல் கூரைக்கு ஏறிவிட்டார். ஆடு ஒன்று ஓர் அம்மாவின் ஓலைத் தொப்பியை விளிம்பு முழுக்கத் தின்று முடித்தது. மனேஜருடைய சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. கரைக்கு வந்ததும் அத்தான் காக்காவின் மேல் பாய்ந்தார்.

"காக்கா, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ? ஆர் இருக்கினம் எண்டு பாக்கேல்லையோ?"

"கண் தெரிஞ்சபடியாத்தானே திருப்பினன்," என்றார் காக்கா. பிறகு என்னைப் பார்த்து, "சீலையக் கண்டா கை தானாத் திரும்புது தங்கச்சி. நான் என்ன செய்ற?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அத்தான் கடைசிவரை மறக்கவில்லை.

மனேஜர் சாமர்த்தியக்காரர், கோபத்தை விழுங்கிவிட்டு உடன்படிக்கையோடு வந்தார். ஹோட்டலில் அவருடைய குளிர் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார். அத்தான் ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம், நான் ஓரத்துக் கதிரையில். மூன்று லோஞ்சும் ஹோட்டலுக்கே ஓட வேண்டும். வெள்ளைப் பெயின்ற் அடிக்கப்படும். ஊர்ச் சனம் ஏறக்கூடாது. போயாச் சவாரி இல்லை. மூதூர் ஓட்டமும் இல்லை. அத்தான் தன் இரண்டு லோஞ்சுகளுக்கும் ஒப்பம் வைத்துவிட்டார். மனேஜர் பேனாவை என் கணவரிடம் நீட்டினார்.

தமையன் சொல்லை அந்த மனிதர் ஒரு நாளும் தட்டியதில்லை. பேனாவை வாங்கினார், ஒரு கணம் பார்த்தார், என் முன்னால் வைத்தார்.

"லோஞ்சு இவவின்ரை. இவவைக் கேளுங்கோ," என்றார்.

நான் மனேஜரிடம் கேட்டேன். "நடுக்கடலில ஆரும் சீலை காட்டினா?"

"நிக்கக் கூடாது."

"பிள்ளை பெறப் போற மனிசி எண்டாலும்?"

"அதுக்கெல்லாம் அரசாங்கம் இருக்கு. மிஸ்டர், உங்க வைஃபுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"என்னட்டக் கதையுங்கோ, நான் இங்கதான் இருக்கிறன்," என்றேன். "என்ர சனம் ஏற ஏலாது, சீலைக்கு நிக்க ஏலாது எண்டா அது என்ர லோஞ்சு இல்லை, உங்கட லோஞ்சு. உங்கட லோஞ்சுக்கு நான் ஏன் ஒப்பம் வைக்கோணும்?"

அத்தான் எழும்பி நின்று கத்தினார். வாற லட்சுமியைக் காலால் தள்ளுகிறேனாம், தம்பியின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனாம், ஆட்டுக்கும் கோழிக்கும் வக்காலத்து வாங்குகிறேனாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். முடிந்ததும், "ஓம் அத்தான், வாங்குறன்," என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தோம். வெளியில் வெயில் நெருப்பாக இருந்தது. பஸ் நிற்குமிடம் வரைக்கும் என் கணவர் என்னோடு நடந்து வந்தார். பிறகு, "பம்பு ஒழுகுது. வோசர் மாத்தவேணும்," என்றார். அவரிடம் அதைவிடப் பெரிய ஆறுதல் வராது, எனக்கு அது போதும்.

அன்றோடு பாகம் பிரிந்தது. வெள்ளை அடித்த இரண்டு லோஞ்சுகள் நான்காகின, பிறகு இன்னும் கூடின. சந்திக்குச் சந்தி விளம்பரப் பலகை, கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம். மலையடியில் எஞ்சினை நிற்பாட்டுவது, கூரையில் இருந்து பார்ப்பது, கற்பூரத்துக்குப் பதிலாக மெழுகுதிரி என்று எல்லாம் எங்களிடம் பார்த்துப் படித்ததுதான். ஊரில் என்னைப் பார்த்து இரங்கியவர்களும் உண்டு, மண்டைக் கனம் பிடித்தவள் என்றவர்களும் உண்டு. என் லோஞ்சில் ஏறிப் பழகிய பட்டினத்து வசதிக்காரர் சிலர் வெள்ளை லோஞ்சுக்கு மாறினார்கள். எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாரி தொடங்கிக் கடல் குழம்பினால் ஹோட்டல் பூட்டிவிடும், வெள்ளை லோஞ்சுகள் எல்லாம் படங்கு மூடிப் படுத்துவிடும். கடல் கொஞ்சம் அடங்கிய காலைகளில் என்னுடைய பழையது இருமி இருமி மூதூருக்கு வெளிக்கிடும். போயாவில் பெண்களை ஏற்றுவதையும் நான் விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த வெள்ளை லோஞ்சுகளை வைத்து ஹோட்டல் தொடங்கிய கம்பனி விழா எடுத்தது. அத்தான் அப்போது அதில் ஒரு பங்குதாரர். வந்த அழைப்பிதழில் என் கணவரின் பெயர் முழுதாக இருந்தது, என் பெயரின் இடத்தில் 'பாரியார்' என்று இருந்தது. போகாமல் விடுவோமா என்று அவர் கேட்டார். போக வேண்டும் என்றேன். இருப்பதில் நல்ல சீலையை உடுத்துக்கொண்டு போனேன்.

ஹோட்டல் மண்டபம் நிறையச் சனம். பட்டினத்துப் பெரிய மனிதர்கள், வெள்ளைக்காரர், படம் பிடிப்பவர்கள். பங்குதாரரின் குடும்பம் என்றபடியால் எங்களை முன் வரிசையில் வைத்தார்கள். மேடையில் மாலையோடு அத்தான். மனேஜர் ஒலிவாங்கியைப் பிடித்துக் கம்பனியின் வரலாறு சொன்னார். தாங்கள் வரும்வரைக்கும் இந்தத் துறைமுகத்தில் மீனுக்கும் சாமானுக்கும் தவிர ஒருவரும் கடலில் இறங்கியதில்லையாம். மலையைக் கடலிலிருந்து பார்க்கலாம் என்று எங்கள் ஊருக்குக் காட்டிக் கொடுத்ததே தாங்கள்தானாம். சனம் கை தட்டியது.

நான் எழும்பினேன். யோசித்து எழும்பவில்லை. கால் தானாக எழும்பியது.

"அத்தான்," என்றேன். ஒலிவாங்கி இல்லாவிட்டாலும் என் குரல் போதுமானது. "முதல் சவாரி ஆரின்ர லோஞ்சில போனது? நீங்க சொல்லுங்கோ."

அத்தான் மாலையைச் சரிசெய்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மனேஜர் பழைய சிரிப்போடு, "அம்மா, தயவுசெய்து உட்காருங்க, பிறகு பேசலாம்," என்றார்.

"அவர் சொல்லுமட்டும் நான் இருக்கமாட்டன்."

ஆரும் என்னை இழுத்து இருத்தத் துணியவில்லை. பிறகென்ன, நிகழ்ச்சியை நடத்தினார்கள். நடன உடுப்போடு பிள்ளைகள் வந்து ஆடினார்கள், நான் நின்றேன். வாழ்த்துரை, நன்றியுரை, பொன்னாடை, எல்லாவற்றுக்கும் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் மறைக்குதென்று முணுமுணுத்தார்கள். படம் பிடிப்பவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் நடுவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. தமையனுக்கு முன்னால் குரல் உயர்த்தி அறியாத என் கணவர் எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு, என்னோடு சேர்ந்து நின்றார்.

அத்தான் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்காத கண், தம்பியைப் பார்த்தது. மெல்ல எழும்பி, மேடையின் படி இறங்கி, என் முன்னால் வந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது மனிதர் வியர்த்துப்போய் இருந்தார்.

"இரு பிள்ளை. சனம் பாக்குது," என்றார் தாழ்ந்த குரலில்.

"அதுக்குத்தான் நிக்கிறன்."

அத்தான் திரும்பிப் போய் மனேஜரின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார்.

"முதல் லோஞ்சு இவவின்ரை," என்றார். "முதல் சவாரியும் இவவின்ரை. நான் சுக்கான் மட்டும்தான் பிடிச்சனான்."

ஒருவரும் கை தட்டவில்லை. மனேஜர் ஒலிவாங்கியைத் திருப்பி வாங்கி, எல்லோரையும் சாப்பிட வரும்படி அழைத்தார். எனக்குக் கால் இரண்டும் விறைத்துப்போய் இருந்தது. அதன் பிறகுதான் கதிரையில் அமர்ந்தேன்.